கையெழுத்துக்கு என்ன அவசரம்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தேன். உன் சிறுகதைத் தொகுப்புக்குப் பதிப்பாளர் கிடைத்துவிட்டார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால் அவளிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் சொல்கிறேன்: இப்படியே கையெழுத்துப் போடாதே.

முதலில் அந்த நாற்பதாயிரம் ரூபாய். 'நூலாக்கப் பங்களிப்பு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார். நீ பணம் கொடுத்தால் அவர் பதிப்பாளர் அல்ல, அச்சு வேலை எடுத்துச் செய்பவர். அதிலும் தவறில்லை. ஆனால் அப்போது உரிமை உன்னிடம் இருக்க வேண்டும், பிரதிகள் உன் வீட்டுக்கு வர வேண்டும். இங்கே பணம் உன்னுடையது, உரிமை அவருடையது! 500 பிரதி என்று எழுதியிருக்கிறார். அச்சகத்திலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், இப்போது டிஜிட்டலில் முப்பது பிரதி மட்டும்கூட அடிக்கலாம். தீர்ந்தால் மறுபடி அடிக்கலாம். 500-உம் அடித்தாரா என்று நீ கிடங்குக்குப் போய் எண்ணவா போகிறாய்? அச்சக பில்லின் நகலைத் தருவாரா என்று கேள்.

நூலுக்கு அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியே கட்டணம் கேட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. உன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவுதான் வயிற்றைக் கலக்கியது. உரிமை அவருக்காம்: 'அனைத்து மொழிகளிலும், அனைத்து வடிவங்களிலும், நிரந்தரமாக.' 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுதுகிறவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. உரிமையை மாற்றிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். 'நிரந்தரமாக' என்று நீயே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தச் சலுகை போயிற்று. பதிப்புரிமை எழுதியவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு இருக்கும் சொத்து. தமிழ் அச்சு நூல் உரிமை மட்டும், 3 ஆண்டுக்கு என்று திருத்தச் சொல். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் நான்கையும் பெயர் சொல்லி உன்னிடமே வைத்துக்கொள். சினிமாக்காரர் யார் வரப்போகிறார் என்று கேட்பாய். வந்தால், இந்தத் தாளின்படி அவர் உன்னிடம் பேசவே தேவையில்லை.

ராயல்டி, அதாவது விற்பனையில் எழுதியவரின் பங்கு, 10 சதவீதம் என்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் எதில் பத்து? அட்டையில் 200 ரூபாய் போட்டால் உனக்கு 20 ரூபாய். 'பதிப்பகத்துக்கு வந்த தொகையில்' என்று அவர் எழுதியிருப்பதால், கடைக்கு 40 சதவீதக் கழிவு போனபின் 120 ரூபாயில் 12 ரூபாய்தான் வரும். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் அந்தப் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல். ஆண்டுதோறும் விற்பனைக் கணக்கு எழுத்தில் வர வேண்டும்.

ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடாதே. திருத்தங்களோடு அனுப்புகிறேன் என்று மட்டும் பதில் எழுது. ஒரு வாரம்கூடப் பொறுக்கமாட்டேன் என்று அவர் சொன்னால், அவர் விஷயம் நமக்குத் தெரிந்துவிடும். பொங்கலுக்கு வரும்போது சென்னைப் புத்தகக் காட்சியில் அவர் போட்ட நூல்களைப் புரட்டிப் பார்ப்போம். பக்கத்துக்கு எத்தனை பிழை என்று நான் சொல்லிவிடுவேன். அவரிடம் நூல் போட்ட எழுத்தாளர் யாராவது எதிர்ப்பட்டால் கணக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீ கேள். எனக்குக் கூச்சம்.

ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு. பண்டிகைக் கூட்டத்தில் பிறகு கிடைக்காது.

அன்புடன்,
அப்பா