பார்த்து முடித்த ஸ்லைடை மறுபடி பூட்டாதீர்கள்: பயிற்சித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சித் துறையினருக்கும், அவர்களுக்காக இணையவழிப் பாடங்களைத் தயாரித்துத் தரும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தகவல் பாதுகாப்புப் பாடத்தை இன்னும் முடிக்காதவர்களுக்கு நீங்கள் அனுப்பிய நினைவூட்டல் வந்து சேர்ந்தது. பாடத்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. கடவுச்சொல்லைப் பற்றியும் போலி மின்னஞ்சல்களைப் பற்றியும் அதில் சொல்லியிருப்பவை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். என் குறை முழுவதும் திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் 'அடுத்து' பொத்தானைப் பற்றியது.

ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒலிப்பதிவு ஓடி முடியும்வரை அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செயலற்றுக் கிடக்கிறது. இது தவறுதலாக நேர்ந்ததல்ல, நீங்கள் கேட்டு வாங்கிய ஏற்பாடு என்பதை அறிவேன். காரணமும் புரிகிறது. ஒரு வரிகூடப் படிக்காமல் தட்டிக்கொண்டே போய்க் கடைசி ஸ்லைடில் சான்றிதழை எடுத்துக்கொள்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். நாளை தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்கு உங்களுக்கும் ஏதாவது வேண்டும். ஆகவே முதல் முறை பார்க்கும்போது பூட்டி வையுங்கள். பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் ஏற்கெனவே பார்த்து முடித்த ஸ்லைடுக்குத் திரும்பிப் போனால் அங்கேயும் ஏன் பூட்டு விழுகிறது?

எனக்கு அடுத்த இருக்கையில் வேலை செய்பவருக்குக் காது கேட்காது. ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைத் திரையின் பக்கவாட்டில் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. அவர் அதை விரைவாகப் படித்துவிடுவார். படித்த பிறகு, தனக்குக் கேட்காத ஒரு குரல் பேசி முடிப்பதற்காகக் காத்திருப்பார். இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒலி எதுவரை ஓடியிருக்கிறது என்று காட்டும் பட்டையை, யாராவது இழுத்து முன்னே தள்ளிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நீங்கள் மறைத்துவிட்டீர்கள்.

சென்ற வாரம் அவர் தேர்வுப் பகுதியை நெருங்கிவிட்டார். தரவு கசிந்தது தெரிந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதில் ஒரு சந்தேகம். சில ஸ்லைடுகள் பின்னால் போனார், எண்ணைப் பார்த்தார், மனத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு நொடி வேலை. திரும்பி வரப் பார்த்தால் 'அடுத்து' சாம்பலாகியிருந்தது. அந்த ஸ்லைடின் ஒலி முழுவதும் மறுபடி ஓடிய பிறகே வழி விட்டது. அடுத்த ஸ்லைடில் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கதை. மெனுவைத் திறந்தார். தலைப்புகள் வரிசையாகத் தெரிந்தன, பார்த்து முடித்தவற்றுக்குப் பக்கத்தில் 'சரி' குறிகூட இருந்தது. அழுத்தினால் எதுவும் நகரவில்லை. என் பக்கம் திரும்பி, குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார்: "நான் இதைப் பார்த்துவிட்டேன் என்று இதனிடம் எப்படிச் சொல்வது?"

அவர் சொல்லத் தேவையே இல்லை என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. அது பாடத்துக்கே தெரியும். அந்தச் 'சரி' குறியைப் போட்டது வேறு யார்?

இது தொழில்நுட்பக் கட்டாயம் என்று தயவுசெய்து பதில் எழுத வேண்டாம். ஸ்டோரிலைன் போன்ற கருவியில் பாடம் தயாரிப்பவர்களுக்கு இதன் தீர்வு அன்றாட வேலை. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே மதிப்புகள் கொண்ட ஒரு வேரியபிள், அதாவது பாடம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு குறிப்பு, வைக்க வேண்டும். தொடக்கத்தில் அது 'இல்லை'. ஸ்லைடின் டைம்லைன், அதாவது அதன் ஒலியும் காட்சியும் ஓடும் காலக்கோடு, ஓடி முடிந்ததும் 'ஆம்' என்று மாற்ற ஒரு டிரிகர், அதாவது 'இது நடந்தால் இதைச் செய்' என்ற கட்டளை. ஸ்லைடு தொடங்கும்போது பொத்தானை முடக்கும் டிரிகரில், வேரியபிள் 'இல்லை' என்று இருந்தால் மட்டும் முடக்கு என்று ஒரு நிபந்தனை. முடிந்தது. முதல் வருகையில் பூட்டு இருக்கும், மறு வருகையில் இருக்காது. நிபந்தனை இல்லாமல் டிரிகரை மட்டும் போட்டு எல்லா ஸ்லைடுகளிலும் ஒட்டியதால் வந்த வினை இது.

மெனுவுக்கு இவ்வளவுகூட வேண்டாம். அதே கருவியில் மெனுவுக்கு மூன்று நிலைகள் உண்டு. ஒன்றில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். இன்னொன்றில் பார்த்து முடித்த ஸ்லைடுகளுக்கு மட்டும் போகலாம். மூன்றாவதில் எங்கும் தாவ முடியாது. நடுவில் உள்ளது உங்கள் கவலைக்கென்றே செய்யப்பட்டது போல இருக்கிறது. நீங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

தணிக்கை என்ற காரணமும் இங்கே நிற்காது. இணையவழிப் பாடங்களுக்கென்று 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 தரமே, ஒருவர் பாடத்தை முடித்தாரா, எந்த இடத்தில் விட்டார், எவ்வளவு நேரம் இருந்தார், எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதையெல்லாம், பயிற்சிப் பதிவுகளை வைத்திருக்கும் கற்றல் மேலாண்மை அமைப்புக்கு அனுப்பும் வசதி கொண்டது. காட்டுவதற்கு அதைக் காட்டலாம். பூட்டிய பொத்தான் காட்டுவது ஒன்றைத்தான்: ஒலி ஓடியது. கேட்டார்களா என்பதை அது காட்டாது. ஒலியை அணைத்துவிட்டு வேறு சன்னலில் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவரும், கன்னத்தில் கை வைத்துக் கவனமாகக் கேட்பவரும் அதன் கணக்கில் ஒன்றுதான். ஏமாற்ற நினைப்பவருக்கு இந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல. படித்ததைச் சரிபார்க்கத் திரும்பிப் போகும் அக்கறையுள்ளவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்.

சொல்ல வந்த இடத்தில் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். திரையில் இருக்கும் வாக்கியங்களை ஒரு குரல் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறதே, அது யாருக்காக? படமும் விளக்கக் குரலும் இருக்கும் இடத்தில் அதே சொற்களை எழுத்திலும் போட்டால் கற்பது குறையும் என்பது, கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் வழியே இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கோட்பாடு. பாடத்தைச் சிறு துண்டுகளாக்கி, கற்பவரே தன் வேகத்தில் நகர்த்த விட்டால் நன்றாகக் கற்பார் என்பதும் அவர் சொன்னதுதான். நீங்கள் துண்டாக்கினீர்கள், நகர்த்தும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு அந்த நான்கு பெட்டிகள். நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினால்தான் வழி பிறக்கும். ஒன்றை விட்டுவிட்டால் எதை விட்டோம் என்று சொல்லவும் மாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் வண்ணக் காகிதங்கள் பொழிய "வாழ்த்துகள்!" என்று ஒரு கைத்தட்டல். விடுதலையாகி வெளியே வருபவருக்கு வாசலில் மாலை போடுகிறார்கள்.

கண் தெரியாதவர்கள் இதே பாடத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? முடக்கிய பொத்தானை டேப் விசை பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கு 'அடுத்து' என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போகலாம். அது எப்போது திறந்தது என்று சொல்லவும் ஆளில்லை. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி விதிகளில், செயலற்ற பொத்தானுக்கு நிற வேறுபாட்டு நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. ஆக, வெளிறிய சாம்பலில் இன்னும் வெளிறிய சாம்பலாக நீங்கள் வரைந்திருக்கும் அந்த அம்புக்குறியை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பாராட்டுகள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். பாடத்தை மறுபடி எழுதச் சொல்லவில்லை. குரலை மாற்றச் சொல்லவில்லை. பெட்டிகளும் கைத்தட்டலும்கூட இருந்துவிட்டுப் போகட்டும். கேட்பது ஒன்றுதான்: ஒருமுறை முழுதாகப் பார்த்து முடித்த ஸ்லைடில் 'அடுத்து' பொத்தானைத் திறந்தே வையுங்கள், மெனுவில் அந்த ஸ்லைடுக்குப் போக விடுங்கள். இயன்றால், காது கேட்காதவர்கள் எழுத்து வடிவத்தைப் படித்து முடித்ததும் தாங்களே தொடர்வதற்கு ஒரு பொத்தானும் கொடுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு ஒப்புதல் வாங்க நேரம் ஆகலாம் என்பது புரிகிறது. முதலிரண்டுக்கும் ஆகாது.

தரவுத் தனியுரிமைப் பாடம் அடுத்த மாதம் வருகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதை வெளியிடும் முன் உங்களில் ஒருவர் ஒலியை அணைத்துவிட்டுத் தேர்வுப் பகுதிவரை சென்று, அங்கிருந்து நான்கு ஸ்லைடு பின்னால் போய், திரும்பி வந்து பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் பூட்டு தேவை என்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் தாருங்கள். என் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பாடத்தை முடித்து, தேர்விலும் தேறிய ஓர் ஊழியர்