மீதி இருபது ராத்திரி

மயிலாப்பூர், சென்னை

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி.

கும்பகோணம் வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா என்று கேட்டிருந்தாய். 2028 மகாமகம் உன் மனதில் இருப்பது தெரிகிறது. திருவண்ணாமலை வீட்டில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

பௌர்ணமிக்கு அங்கே ஆள் தேடவே வேண்டாம். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றிவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து திண்ணையில் சாய்வார்கள். வெந்நீரில் கல்லுப்பு போட்டு வாளியை வாசலில் வைத்திருப்பேன். காலை உள்ளே விட்டதும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கவே இங்கிருந்து பஸ் ஏறலாம்! கார்த்திகை தீபத்துக்கோ மூன்று மாதம் முன்பே போன் வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தை நம்பித்தான் கணக்கில் தப்பு செய்தேன். பௌர்ணமியை ஒட்டி இரண்டு ராத்திரி, சனி ஞாயிறு எட்டு. மீதி இருபது ராத்திரி வீடு பூட்டித்தான் கிடக்கும். பெருக்கித் துடைக்கும் அக்காவுக்குச் சம்பளம் மட்டும் முழு மாதத்துக்கும் உண்டு. 2024 மே மாதம் பீச் ஸ்டேஷனிலிருந்து நேர் ரயில் வந்த பிறகு, சாயங்காலம் ஏறி, மலையைச் சுற்றி, விடிவதற்குள் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். வெயில் காலத்தில் சித்ரா பௌர்ணமியை விட்டால் ஆளே இல்லை.

என்னைக் காப்பாற்றியது ரமணாசிரமத்துக்கு வருகிறவர்கள்தான். மார்கழி, தை, மாசியில் வந்தால் வாரக்கணக்கில் தங்குவார்கள். ராத்திரிக்கு 2,000 வாங்கிய அறையை ஒரு அம்மாவுக்கு 600 வீதம் இரண்டு மாதம் கொடுத்தேன். தினமும் விரிப்பு மாற்றும் வேலை இல்லை, அறையும் காலியாகக் கிடக்கவில்லை.

உன் ஊரில் முகூர்த்தக் கூட்டம் உண்டு, ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. நவக்கிரகக் கோயில் பார்க்க வேன் எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் சனி ஞாயிறுதான். முகூர்த்த நாளையும் வாரக் கடைசியையும் காலண்டரில் வட்டம் போட்டுக் கழித்துப் பார். மிச்ச நாளுக்கு யார் வருவார்கள் என்பதை முதலில் யோசி. சுவாமிமலையில் சிற்பம் கற்க வருகிறவர்களுக்கு மாத வாடகைக்கு இடம் தேவைப்படலாம், விசாரித்துப் பார்.

மகாமகத்துக்காகக் கடன் வாங்கி மாடி எடுக்காதேடா. போன தடவை 2016-ல் வந்தது, 2028-ஐ விட்டால் அப்புறம் 2040தான். வட்டி மாதாமாதம் வரும்.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு அங்கே வருகிறேன். காலண்டரை எடுத்து வை, உட்கார்ந்து நாள் எண்ணலாம். அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன் பழைய நண்பன்