கும்பாபிஷேக மலர் தயாரிக்கும் சிங்கப்பூர்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலர் வேலை தொடங்கியதும் "எங்கள் கோயில் தொடர்பான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று ஏதோ ஓர் அரசு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போகிறது. "எங்களிடம் இல்லை" என்று பதில் வந்ததும் முயற்சி நின்றுவிடுகிறது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 30 நாளில் பதில் கேட்கலாம். சிங்கப்பூரில் அப்படியொரு தகவல் உரிமைச் சட்டம் கிடையாது. இன்ன கோப்பு என்று சுட்டிக் கேட்பது ஒன்றே நம் பலம்.

முதலில் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். தேடிக் கிடைக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இன்றைய பெயரில் தேடியவர்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் முன்பு நரசிங்கப் பெருமாள் கோயில். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் ஆங்கிலத்தில் செட்டியார் கோயில். அம்மன் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ எழுதிய குமாஸ்தாவின் இஷ்டம். நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

அலுவலகங்களும் பெயர் மாறியவைதான். இந்து அறக்கட்டளை வாரியம் 1968இல் வந்தது. அதற்கு முன் 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் சேர்த்து ஒரே வாரியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1960இல் வந்தது. அதற்கு முந்தைய வீடமைப்பு விவகாரங்கள் எஸ்ஐடி (SIT) என்ற சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பெயரில் இருக்கும். நில விஷயமானால் முகவரியோடு முக்கிம் (நில அளவைப் பகுதி) எண், லாட் (மனை) எண் இரண்டையும் எழுதுங்கள். பழைய லாட் பிற்பாடு பிரிந்திருக்கலாம், வேறொன்றோடு சேர்ந்திருக்கலாம்.

கோப்பு அகப்பட்டதும் அதன் எண், தலைப்பு, ஆண்டு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கட்டுப்பாடுள்ள கோப்பைக் காப்பகம் தானாகத் திறந்துவிடாது. அதை ஒப்படைத்த அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். தாமதம் அங்கேதான். பார்க்க அனுமதி வேறு, அச்சிட அனுமதி வேறு. மலரில் படம் போடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இல்லையேல் பக்கம் கட்டி முடித்தபின் படத்தை எடுக்க நேரும்.

காலனி ஆட்சிக் காலத்துக்கு லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தையும் விட்டுவிடாதீர்கள். நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலிய அன்றைய பிரிட்டிஷ் பகுதிகள்) கடிதப் போக்குவரத்து சிஓ 273 (CO 273) என்ற கோப்பு வரிசையில் இருக்கிறது. பின்னாளில் வெளிவந்த சிங்கப்பூர்க் கோப்புகள் எஃப்சிஓ 141 (FCO 141) வரிசையில். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பதிலுக்குப் பொதுவாக 20 வேலை நாள். 'மூடியது' என்று பட்டியலில் போட்டிருக்கும் கோப்புக்கு மட்டும்தான் அந்த விண்ணப்பம் தேவை. திறந்திருப்பதற்குப் பணம் கட்டினால் நகல் அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
ஆவணத் தேடலில் உதவிவரும் தொண்டூழியர்கள்