பால் வெள்ளைக்கு இரண்டாயிரம் கூடுதல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் நாட்டு நாய்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கையும் படத்தோடு போட்டிருந்தீர்கள். ராஜபாளையம் குட்டி வாங்குபவர்கள் ஒரு புள்ளிகூட இல்லாத பால் வெள்ளையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் விருதுநகர் மாவட்டத்தில் துணை அஞ்சல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். 2005 ஜனவரியில் இந்திய நாயினங்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வந்தன. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல் மூன்றும் ஐந்து ரூபாய். எங்கள் ராஜபாளையத்துக்கு மட்டும் பதினைந்து ரூபாய். கவுண்டரில் அதைக் கிழித்துக் கொடுக்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது என் வீட்டில் நாயே கிடையாது. வெள்ளை நாய் என்றால் அழகு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஓய்வுக்குப் பிறகு, 2021 புரட்டாசியில் குட்டி வாங்கப் போனோம். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் 'மனதின் குரல்' உரையில் நம் நாட்டு நாய்களின் பெயர்களைச் சொன்னதிலிருந்து எங்கள் பக்கம் குட்டி தேடி வருபவர்கள் அதிகமாகியிருந்தார்கள், விலையும் ஏறியிருந்தது. ஏழு குட்டிகள் கிடந்தன. காதில் காவி நிற மறு உள்ள குட்டி ஏழாயிரம். மறுவில்லாத பால் வெள்ளை ஒன்பதாயிரம். என் பேரன் வெள்ளையைத் தூக்கிக்கொண்டான். சுண்ணாம்பு என்று அங்கேயே பெயரும் வைத்துவிட்டான்.

வளர்ப்பவர் குட்டிகளைக் காட்டுவதற்காக அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டினார். ஆறு குட்டிகள் ஓடி வந்தன. முதலில் வந்தது அந்த மறுக்காதுக் குட்டி. சுண்ணாம்பு தூங்கிக்கொண்டிருந்தது. மற்றவை அதன் மேல் மிதித்து ஓடிய பிறகுதான் எழுந்து, அவற்றின் பின்னால் வந்தது. "இது எதற்கும் பதறாது அம்மா, தைரியமான குட்டி" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பணம் கொடுத்தவள், கண்ணெதிரே நடந்ததைக் கவனிக்கவில்லை.

அந்தத் தைரியத்தைத் தீபாவளிக்கு ஊருக்கே காட்டினோம். எங்கள் ஊரிலிருந்து சிவகாசி பஸ்ஸில் அரை மணி நேரம். தீபாவளி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வீட்டு நாய் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. சுண்ணாம்பு வாசல் படியில் மல்லாந்து தூங்கியது. வந்தவர்களெல்லாம் வியந்தார்கள். 'ராஜபாளையம் என்றால் சும்மாவா?' என்று என் கணவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து, தூங்கிக்கொண்டிருந்த குட்டியின் முதுகைப் பேரன் தடவினான். அது துள்ளித் திரும்பி அவன் விரலைக் கடித்துவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28 ஆம் நாள்களில் என்று தடுப்பூசி போட்டார்கள். குட்டிக்கு இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை, வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. நான் குட்டியைத் திட்டினேன். 'கடிக்கிற புத்தி உள்ள நாய்' என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

மூன்றாம் மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவரிடம் கடித்ததைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் குட்டியின் பின்பக்கமாகப் போய்ச் சாவிக்கொத்தை ஆட்டினார். அசைவில்லை. எஃகுத் தட்டை எடுத்துத் தட்டினார். பக்கத்து அறையில் இருந்த பூனை கத்தியது, சுண்ணாம்பு என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. "இது கெட்ட நாய் இல்லை அம்மா. பையன் வந்ததே இதற்குத் தெரியாது. தூக்கத்தில் யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பயந்து கடித்திருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நிறம் தரும் உயிரணுக்கள் தோலில் மட்டும் இல்லை, உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால் இரத்த ஓட்டம் குன்றி, ஒலியை வாங்கும் நுண்ணிய மயிரணுக்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். பிறகு எந்த மருந்தாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. டால்மேஷியன் நாய்களிலும் இதே தொல்லை உண்டு. வெள்ளை நாயெல்லாம் காது கேளாதவை என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இலை விழுந்தாலும் குரைக்கிற வெள்ளை நாய்கள் நிறைய உண்டு. ஆனால் மறு உள்ளதைக் கழித்து, மேலும் மேலும் வெள்ளையையே, அதிலும் நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் இந்தக் குறை கூடத்தான் செய்யும். அந்தக் காவி மறுவுக்கு நாம் விலை குறைக்கிறோம், பால் வெள்ளைக்கு இரண்டாயிரம் கூட்டிக் கொடுக்கிறோம். வாங்குகிற நாம்தான் இதை வளர்க்கிறோம்.

விற்றவரிடம் போய்ச் சொன்னேன். சண்டை போடவில்லை அவர். "கொண்டுவந்து விட்டுவிடுங்கள், அடுத்த ஈற்றில் வேறு குட்டி தருகிறேன், இதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். நான் குட்டியோடு திரும்பி வந்துவிட்டேன்.

இனி எப்படி வளர்ப்பது? இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்கு வயது 84. காது கேட்டுப் பத்து வருடம் ஆகிறது. வாங்கிக் கொடுத்த கருவி சாமி அலமாரியில் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. அவரைக் கூப்பிட அறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். சாப்பாட்டுக்கு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோவோம். ஒருநாள் மதியம் அத்தை தட்டோடு உட்கார்ந்து, பேரனைப் பார்த்து அப்படி விரலைக் குவித்தார். பேரன் வரவில்லை. முற்றத்தில் படுத்திருந்த சுண்ணாம்பு எழுந்து நேராக அத்தையின் முன்னால் வந்து உட்கார்ந்தது. அது இத்தனை நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது! நாங்கள்தான் அதைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. உள்ளங்கையைக் கீழே தாழ்த்தினால் உட்கார வேண்டும். நிமிர்த்திக் காட்டினால் நில். கட்டைவிரலைத் தூக்கினால் 'சபாஷ்', கூடவே பொரிகடலை நான்கு. ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நேரம், அதற்கு மேல் பழக்கினால் அதற்கும் சலிப்பு, நமக்கும் கோபம். எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு. அது தானாக நம் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொடுக்க வேண்டும். காது கேட்கிற நாயை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கூப்பிட்டுவிடலாம். இது நம்மைப் பார்த்தால்தான் நாம் பேசவே முடியும். இரண்டு மாதத்தில், நடக்கும்போது பத்தடிக்கு ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்க்கப் பழகிவிட்டது.

எழுப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம், ஏனென்றால் கடி அங்கேதான் வந்தது. முதலில் மூக்கருகே கையை நீட்டி வாசனை காட்டினோம். பிறகு தோளில் விரலால் மெதுவாகத் தொடுவது, கண் திறந்த அடுத்த நொடியே வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. விழித்திருக்கும்போது பலமுறை இதைச் செய்துவிட்டுத்தான் அரைத்தூக்கத்தில் செய்தோம். தரையைக் காலால் தட்டினால் அதிர்வில் எழும் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் மொசைக் தரையில் என் குதிகால் வலித்ததுதான் மிச்சம். பழைய மரப் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் படுக்க வைத்தோம். இப்போது பலகை ஓரத்தைத் தட்டினால் எழுந்துவிடுகிறது. இரவில் கொல்லையிலிருந்து உள்ளே அழைக்க, அத்தைக்குப் போடுகிற அதே விளக்குதான். சில நாள் விளக்கை அணைத்துப் போட்டால் இருவரும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள்.

வெளியே வார் இல்லாமல் ஒருநாளும் விடுவதில்லை. லாரி ஹார்ன் அதற்குக் கிடையாது. முயல், கோழி என்று எது ஓடினாலும் துரத்துகிற சாதி, துரத்தினால் திரும்பக் கூப்பிட வழியும் இல்லை. வாசல் கதவில் 'நாய்க்குக் காது கேட்காது, மணி அடித்துவிட்டுக் காத்திருக்கவும்' என்று எழுதி வைத்திருக்கிறோம். கடிதம் கொண்டுவரும் தம்பி அதைப் படித்துவிட்டு என்னைக் கேட்ட கேள்வி: "மணி அடித்தால் அதற்கு எப்படிக் கேட்கும் அம்மா?" மணி எங்களுக்காக என்று விளக்க வேண்டியதாயிற்று.

மற்ற பராமரிப்பெல்லாம் எல்லா நாய்க்கும் உள்ளதுதான். வெள்ளை நாய்க்கு ரோஜா நிற மூக்கும் மெல்லிய தோலும் எங்கள் ஊர் வெயிலில் கன்றிவிடும், ஆகவே நடை காலை ஏழு மணிக்கு முன். உண்ணி பார்ப்பது வெள்ளையில் சுலபம், அது ஒன்றுதான் அந்த நிறத்தில் எனக்குப் பிடித்தது. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று அத்தைக்குப் புரிய வைக்க மட்டும் இன்னும் ஜாடை கிடைக்கவில்லை. ஆமைவடை மடிக்குக் கீழே கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியே இருக்கிறது. எனக்கு முப்பத்தைந்து நாள் குட்டியைக் கொடுத்தார்கள், நானும் வாங்கினேன். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியும் போட்டிருப்பார்கள், காதையும் நிச்சயமாகச் சோதித்துவிடலாம். குட்டியைக் கூடப் பிறந்தவற்றிடமிருந்து தனியே பிரித்துக்கொண்டு போங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்றதைப் பார்த்து ஓடிவந்து ஏமாற்றிவிடும், சுண்ணாம்பு செய்தது போல. தூங்கும்போது பார்ப்பது இன்னும் நல்லது. நிழல் விழாமல், காற்று படாமல், தரை அதிராமல் பின்னால் நின்று சாவியை ஆட்டுங்கள், விசில் அடியுங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். சத்தம் வந்த திசை தெரியாமல் தலையை அங்கும் இங்கும் திருப்பும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க மின்முனைகளை வைத்து மூளையின் பதிலைப் பதிவு செய்யும் பி.ஏ.இ.ஆர். என்ற சோதனை இருக்கிறது. அது இனவிருத்திக்கு நாய் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. ஒரு காது கேளாத தாயையும் தந்தையையும் தெரியாமல் சேர்ப்பதாலும் இரண்டு காதும் கேளாத குட்டிகள் தொடர்ந்து வருகின்றன. கால்நடைத் துறையினர் நாய்க் கண்காட்சி நடத்தும்போது உயரமும் நிறமும் பார்த்துக் கோப்பை கொடுப்பதற்கு முன் காதையும் பார்த்தால் என்ன?

சுண்ணாம்புக்கு ஒரு வயதானதும் மூன்று பேர் இணை சேர்க்கக் கேட்டு வந்தார்கள். காது கேட்காது என்று சொன்னேன். "நிறம் இருக்கிறதே அம்மா" என்றார் ஒருவர். மறு வாரமே கருத்தடை செய்துவிட்டோம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விற்றவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், பூக்கடையில் தினமும் பார்த்துக்கொள்கிறோம். இதைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் வரி விளம்பரப் பகுதியில் வாரம் தவறாமல் 'ராஜபாளையம் குட்டிகள், பால் வெள்ளை' என்று வருகிறது. விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் 'காது கேட்கும்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தந்தி கவுண்டரில் சொல்லை எண்ணிக் காசு வாங்கியவள் நான். அந்த இரண்டு சொல்லுக்கு நீங்கள் காசு வாங்காவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை அஞ்சல் அதிகாரி,
விருதுநகர் மாவட்டம்.