கிணற்றுத் தண்ணீரின் பரிசோதனை முடிவைத் தாருங்கள்

நிலத்தடி நீருக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளிநொச்சி மாவட்டம் முழங்காவிலில் எங்கள் ஒழுங்கைக் குழாய்க்கிணற்றில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்துப் போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு மாரியும் ஒரு கோடையும் போய்விட்டன. முடிவு வரவில்லை. துளையிடும் லொறிதான் வந்து நிற்கிறது. பழைய கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்னும் ஆழமாக அடிக்கப் போகிறார்களாம்.

எங்கள் வீட்டு அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் போட்ட பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கரையாது. அதனால் அம்மா பவுசரில் வாங்கிய தண்ணீரைக் கானிலிருந்து சுண்டுப் பேணியால் அளந்து பானையில் விடுவார். சுண்டின் விளிம்பில் நிற்கும் துளியையும் விரலால் வழித்துப் பானைக்குள் விடுவார். அரிசி களையக் கிணற்றுத் தண்ணீர், அவிக்கக் காசுத் தண்ணீர். கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைக் கல்லைத் தேசிக்காய் பிழிந்து ஊறவைத்துச் சுரண்டுவார்.

அந்தக் கல் சுண்ணக்கல் நிலத்தின் குணம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைக்கிறது, கொதிக்கவைத்தால் கரைந்தது திரும்பப் படிகிறது. சரி, அதோடு வாழப் பழகிவிட்டோம். ஆனால் உவர் வருடத்துக்கு வருடம் ஏறுகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

கடல் உள்ளே வருகிறதா, ஆழத்துப் பாறையில் பழங்காலந்தொட்டுத் தேங்கிய உப்புநீர் மேலே ஏறுகிறதா? கடல்நீர் புதிதாக நுழைந்தால் அதன் சோடியத்தைக் களிமண் பிடித்துக்கொண்டு கல்சியத்தை விடும். உப்பின் மற்றப் பாதியான குளோரைட்டுக்குச் சோடியம் எவ்வளவு, கல்சியம் எவ்வளவு என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். அந்த எண்கள் உங்கள் தாளில் இருக்க வேண்டும். கடற்கரையோரத்தில் நன்னீர் மட்டம் ஒரு மீற்றர் இறங்கினால் அடியில் உவர்நீர் 40 மீற்றர் வரை ஏறலாம் என்பது நீங்கள் படித்த கணக்கு. இது தெரிந்திருந்தும் தாளைப் பார்க்காமல் ஆழமாக அடிப்பது என்ன நியாயம்? முதலில் முடிவைத் தாருங்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் ஊருக்கு வந்தவர்கள் கிணறு அடித்துத் தந்தார்கள், நன்றியோடு வாங்கினோம். பெயர்ப்பலகை வைத்தார்கள். நீர்மட்டத்தையும் உவரையும் மாதாமாதம் குறித்துவைக்க ஒரு கொப்பி வைத்தவர் எவருமில்லை. கிணறு கெட்டதும் அடுத்த கிணறு. நிலத்துக்கடியில் இருப்பது ஒரே தண்ணீர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் ஐயா இது!

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம், புளோரைட்டு 1 மில்லிகிராம் என்று இலங்கையின் நியமம் எல்லை வைத்திருக்கிறது. எங்கள் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தமிழில் எழுதித் தாருங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பமும் தயாராக இருக்கிறது. ஆனாலும் முதலில் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இந்த மடல்.

லொறி வெள்ளிக்கிழமை வேலை தொடங்குமாம். அதற்கு முன் முடிவைக் கிராம சேவகரிடம் கொடுத்துவிட்டால் போதும், நானே போய் வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
முழங்காவில் வாசி ஒருவர்