டார்ச் வெளிச்சத்துக்குச் சிக்காத சொத்தை

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) சார்பில் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவினருக்கும், அவர்களை அனுப்பும் பொது சுகாதாரத் துறைக்கும்,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஆறு வயதை ஒட்டி முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லுக்காகவே இந்த மடல். எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் அது முளைத்துவிடும். அதனால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். பத்து வயதில் கன்னம் வீங்கிய பிள்ளையோடு வந்து, "விழுந்து முளைக்கிற பல்தானே டாக்டர், பிடுங்கிடுங்க" என்கிறார்கள். இது போனால் முளைக்காது என்று சொல்லும்போது அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

பள்ளிப் பரிசோதனையில் செய்வதுபோல ஈரமான பல்லில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் குழி விழுந்த சொத்தைதான் தெரியும். அதற்கு வெகு முன்பே அமிலம் பல்லின் கடினமான மேலுறையான எனாமலின் தாதுக்களைக் கரைத்து நுண்துளைகளை உண்டாக்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடு வார்னிஷ் (எனாமலை உறுதிப்படுத்தும் மேற்பூச்சு) பூசி, பல் துலக்குவதையும் இனிப்பையும் ஒழுங்குபடுத்தினால், டிரில் வைக்காமலே பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு.

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க ஒளி உதவும். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பல்லின் இரு பக்கமும் பாய்ச்சி, மேலிருந்து படமெடுக்கும் கையடக்கக் கேமராக்கள் பல ஆண்டுகளாகவே புழக்கத்தில் உள்ளன. நல்ல எனாமல் ஒளியை உள்ளே விடும். தாது இழந்த இடம் அதைச் சிதறடிப்பதால் படத்தில் கருநிழல் விழும். பல்லிடுக்குச் சொத்தை இதில் நன்றாகவே தெரிகிறது. எக்ஸ்ரே கதிர் இல்லாததால் எத்தனை முறையும் எடுக்கலாம். சரி, சொத்தை நரம்பை எட்டிவிட்டதா என்பதை இது சொல்லாது, அதற்கு எக்ஸ்ரேதான்.

எங்கள் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சாகப் பல்லைக் காக்கும் ஃப்ளோரைடு, குடிநீரில் அளவுக்கு மிஞ்சினால் பல்லைக் கெடுக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே இங்குள்ள அந்த ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். அந்தப் பாதிப்பிலும் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், ஒளியும் சிதறும். பெரும்பாலும் அது இரு பக்கப் பற்களிலும் ஒரே மாதிரி இருக்கும்; ஆரம்பச் சொத்தையோ அழுக்குப் படியும் ஈறோரத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல இருக்கும். பயிற்சி இல்லாமல் கருவியை மட்டும் கொடுத்தால் பிள்ளைகளை வீணாக அலையவிடுவோம்.

முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில், ஒரு குழுவுக்கு ஒரு கேமரா கொடுத்துப் பாருங்கள். அதுவரை, பார்ப்பதற்கு முன் கடைவாய்ப் பல்லைப் பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் போனால்தான் ஆரம்பச் சொத்தையின் வெள்ளைத் திட்டு வெளியே தெரியும். அப்புறம், பரிசோதனை அட்டையில் 'ஆரம்பச் சொத்தை' என்று ஒரு கட்டம் சேருங்கள். பயிற்சி தர நான் வருகிறேன்; சனிக்கிழமைகளில் கிளினிக்கை மூடிவிடுகிறேன்.