உபாத்தியின் கையில் பிரம்பைக் கொடுத்தது யார்?

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற இதழில் வந்த பிள்ளை வளர்ப்புக் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கண்ணாடி இல்லாமல் வாசித்ததில் ஏதோ தப்பாகப் பட்டுவிட்டது என்று நினைத்து, போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தேன். அதே வாக்கியம்தான் இருந்தது: "பவுல் நியாயப்பிரமாணத்தை உபாத்தி என்கிறார், பிரம்பெடுக்காத உபாத்தி உபாத்தியே அல்ல."

31 வருஷம் ஆரம்பப் பள்ளியில் உபாத்தியாக இருந்துவிட்டு வந்தவள் நான். சேர்ந்த புதிதில் அடித்தும் இருக்கிறேன். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

பவுலின் கலாத்தியர் நிருபம் 3:24இல், மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தை உபாத்தி என்று நாம் வாசிக்கிற இடத்தில் கிரேக்கத்தில் 'பைடகோகோஸ்' என்று இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 'பைஸ்' என்றால் பிள்ளை. 'அகோகோஸ்' என்றால் கூட்டிக்கொண்டு போகிறவன். அவன் வாத்தியார் இல்லை, வாத்தியாரிடம் கொண்டுபோய் விடுகிற வீட்டு அடிமை. பையனுக்கு ஆறேழு வயதானதிலிருந்து மீசை அரும்பும் வரைக்கும் பின்னாலேயே போவான், யாழையும் எழுதுபலகையையும் சுமப்பான், தெருவில் தலை நிமிர்ந்து நடந்தால் அதட்டுவான். பாடம் சொல்லித்தருகிறவருக்கு டிடாஸ்கலோஸ் என்று தனிப்பெயர். படகில் சீஷர்கள் "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று அலறினார்களே, அந்தப் 'போதகரே' இந்தச் சொல்தான்.

பிளேட்டோவின் 'லைசிஸ்' உரையாடல் முடிகிற இடத்தில் இந்த பைடகோகோஸ்கள் வருகிறார்கள். திருவிழாவில் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, கொச்சைக் கிரேக்கத்தில், "நேரமாச்சு, வீட்டுக்கு வா" என்று பையன்களைக் கத்திக் கூப்பிடுகிறார்கள். சாக்ரடீஸ் துரத்தியும் போகவில்லை. நியாயப்பிரமாணத்துக்குப் பவுல் தேடிப்பிடித்த உவமை இப்படிப்பட்ட ஆள். அவன் கையில் தடி உண்டு, மறுக்கவில்லை. அந்தக் காலத்து வாத்தியாரும் அடித்திருக்கிறார், அது வேறு கதை. ஆனால் அடிமையின் தடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்து, "இது வேதம்" என்று அச்சடிப்பது என்ன நியாயம் ஐயா?

எங்கள் பள்ளிக்கு ஆறேழு பிள்ளைகளை நடத்தியே கூட்டிவருகிற ஆயா ஒருத்தி இருந்தாள். வாய்ப்பாட்டில் ஒரு வரி தெரியாது. மூக்கு வடிந்தால் முந்தானையால் துடைப்பாள். ரோட்டுக்கு ஓடினால் புளியங்குச்சியைக் காட்டுவாள். கேட்டுக்கு வந்ததும் குச்சியை வேப்பமரத்தடியில் செருப்போடு போட்டுவிட்டு, "டீச்சர், இனி உங்க பாடு" என்று உட்கார்ந்துவிடுவாள். பைடகோகோஸ் யார் என்று எனக்கு விளங்கியது அவளைப் பார்த்துத்தான். என் வீட்டுக்காரர் குருவானவராக இருந்து, வைத்துவிட்டுப் போன கிரேக்க அகராதியை எடுத்துப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

தமிழில் பெயர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் அப்படி ஒரு வேலையாள் கிடையாது, என்ன சொல் போடுவார்கள்? (திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை கொஞ்சம் கிட்ட வருவான்.) 1611ஆம் வருஷத்து ஆங்கில வேதாகமமே ஸ்கூல்மாஸ்டர் என்றுதான் போட்டது. பின்னால் வந்த ஆங்கிலப் பெயர்ப்புகள் சில கார்டியன் என்று மாற்றிக்கொண்டன. நம் பிரசங்கபீடத்தில் மட்டும் உபாத்தி அசையவே இல்லை.

செப்டம்பர் 5 வந்தால் எங்கள் சபையில் 1 கொரிந்தியர் 4:15. "பதினாயிரம் உபாத்தியாயர்கள் உங்களுக்கு இருந்தாலும், தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே." அங்கேயும் இதே பைடகோகோஸ்தான். ஆசிரியர் தினத்தன்று எங்களை முன்வரிசையில் உட்காரவைத்து, உங்களைப்போல் பத்தாயிரம் பேர் கிடைப்பார்கள் என்று பிரசங்கம் பண்ணி, ஆளுக்கொரு பேனா தருவார்கள். என் மேசை இழுப்பறையில் 9 பேனா இருக்கிறது. இரண்டுதான் எழுதும்.

கட்டுரையாளர் கொஞ்சம் தேடியிருந்தால் எனக்கு வாயடைத்திருக்கும். மோசே எகிப்தியரின் சகல சாஸ்திரங்களிலும் 'கற்பிக்கப்பட்டான்' என்கிற இடத்திலும், இயேசுவைத் 'தண்டித்து' விடுதலையாக்குவேன் என்று பிலாத்து சொல்கிற இடத்திலும் கிரேக்க வினைச்சொல் ஒன்றேதான், 'பைடெயுவோ'. படிப்பும் சாட்டையும் ஒரே சொல்லுக்குள் கிடக்கிற கதை அது. அதை விட்டுவிட்டு, இல்லாத இடத்தில் பிரம்பைத் தேடியிருக்கிறார். 24ஆம் வசனத்தை மேற்கோள் காட்டியவருக்கு, "விசுவாசம் வந்தபின்பு நாம் உபாத்திக்குக் கீழானவர்களல்லவே" என்கிற 25ஆம் வசனம் கண்ணில் படவில்லையா? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று சொல்வதும் தாங்கள் அறியாததல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன் தங்கள் வேத வினாடி வினாவில், "நியாயப்பிரமாணம் யாருக்கு ஒப்பிடப்படுகிறது?" என்று கேட்டிருந்தீர்கள். என் பேரன் நான் சொல்லிக்கொடுத்தபடி, "பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வேலைக்காரனுக்கு" என்று எழுதினான். தவறு என்று ஒரு மதிப்பெண் போயிற்று, பரிசும் போயிற்று. அப்போது நான் எழுதிய மூன்று பக்கத்தை நாலு வரியாக வெட்டி, பெயரையும் தப்பாகப் போட்டீர்கள். இடநெருக்கடி இருக்கத்தானே செய்யும். அந்தப் பக்கத்திலேயே பாதிக்கு ஜவுளிக்கடை விளம்பரம் வந்திருந்ததையும் பார்த்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் 'உபாத்தி: கிரேக்கத்தில் பைடகோகோஸ், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் அடிமை' என்று ஒரு மூலையில் ஒரு வரி போடுங்கள். பேரன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான், பரிசு வேண்டாம். அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டதாக ஒரு கார்டு போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஆயுள் சந்தாதாரர், ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.

(பெயரைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன்.)